கண்ணாடி வேண்டாத நாள்

அன்று எண்ணெய்த் தொட்டிக்கு வந்தவர்கள் மூன்று பேர்: என் நைனா முனுசாமி, என் தாய்மாமன் கண்ணியப்பன், வாளிக் கயிறு இழுக்கும் ஏகாம்பரம். வராதவர்களும் மூன்று பேர். கண்ணாடி பிடிக்கிற காதர் பாய் வரவில்லை. அவருடைய ஜோடி எத்திராஜும் வரவில்லை. அவர்கள் இருவருக்கும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. மூன்றாவது ஆள் நான். அந்த நேரத்தில் ராயபுரத்தில், பள்ளிக்கூடத்து மைதானத்தில், என் நிழலைத் தேடிக்கொண்டு நின்றிருந்தேன். இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் இதைக் கிளாஸ்கோ என்கிற ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

மத்தியானம் விளக்கு எதற்கு என்று ஊரில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். என் அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் வடக்கு பார்த்தது. இந்த ஊரில் வடக்கு ஜன்னலுக்கு மத்தியான வெயில் வருஷத்தில் ஒரு நாளும் கிடையாது. சூரியன் தெற்கே, வீட்டுக் கூரைகளுக்குக் கொஞ்சம் மேலே, யாரோ கட்டி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி போகும். தை மாதத்தில் நடுப்பகலில் தெருவில் நின்றால் என் நிழல் எதிர்வீட்டுப் படிக்கட்டு வரை போய்க் கிடக்கும். வந்த புதிதில் வீட்டுக்காரம்மாளிடம் ஒரு நாள், சூரியன் எப்போது மேலே வரும் என்று கேட்டேன். அவள் ஜன்னலைக் காட்டி, அதோ வந்திருக்கிறதே, இன்றைக்கு அருமையான நாள் அல்லவா என்றாள். மேலே, தலைக்கு மேலே என்று கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் கூரையைப் பார்த்துவிட்டு, ஒழுகுகிறதா என்று கேட்டாள். அடுத்த நாள் ஓட்டைப் பார்க்க ஒரு ஆள் வந்தான். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சூரியனைப் பற்றிக் கேட்கவில்லை.

எங்கள் தண்டையார்ப்பேட்டையில் இதை யாரும் கேட்கத் தேவையில்லை. டோல்கேட்டுக்கு வடக்கே கிடங்குகளின் நீளச் சுவர்கள் கிழக்கு மேற்காக ஓடும். மத்தியானச் சோற்றுக்கு ஆட்கள் அந்தச் சுவர்களின் வடக்குப் பக்கம் வரிசையாக உட்காருவார்கள், நிழல் அங்கேதான் விழும். சித்திரை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆனால் அங்கே நிழல் ஒரு சாண் கூட இருக்காது. அதற்கப்புறம் எல்லோரும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் மாறிவிடுவார்கள். ஆவணி பிறந்ததும் மறுபடி வடக்குப் பக்கம். யாரும் சொல்லி மாறுவதில்லை, மாடு நிழல் பார்த்து மாறுகிற மாதிரி மாறுவார்கள். சூரியன் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போகிறது, பிறகு திரும்பி வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று புத்தகத்தில் படித்துக் கண்டுபிடித்தவன் எங்கள் சந்தில் நான் ஒருத்தன்தான். எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆளும் நான்தான். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது.

சென்ற ஜனவரியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கிற பட்டறையில் கப்பலுக்கான எண்ணெய்த் தொட்டிகள் செய்கிறார்கள், பழையவற்றைப் பழுதும் பார்க்கிறார்கள். நான் டிராயிங் ஆபீசில் இருக்கிறவன். ஒரு தொட்டியின் அளவைச் சரிபார்க்கக் கீழே போயிருந்தேன். உள்ளே ஒரு ஆள் சுரண்டிக்கொண்டிருந்தான். வெளியே, தொட்டியின் வாயருகே, மர்டோ என்கிற நடுவயதுக்காரர் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான் அளந்தேன், குறித்தேன், போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். அவர் அப்படியே நின்றிருந்தார். கையில் கருவி ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், இங்கே உங்களுக்கு என்ன வேலை என்று. அவர் முகம் சிவந்துவிட்டது. சோம்பேறிகளைக் கணக்கெடுக்க ஆபீசிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. 'நிற்கிறேன். அதுதான் வேலை. அதையும் உன் காகிதத்தில் எழுதிக்கொள்' என்றார். சாயந்தரம் ஃபோர்மன் என்னைக் கூப்பிட்டு, தொட்டிக்குள் ஒரு ஆள் இறங்கினால் வெளியே ஒரு ஆள் சும்மா நிற்க வேண்டும், உள்ளே இருப்பவனோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குச் சம்பளம் உண்டு, உங்கள் நாட்டில் இந்த வழக்கம் இல்லையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டிராமில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எங்கள் நாட்டிலும் இருந்தது என்று எனக்குப் பட்டது. நாங்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தோம்.

யுத்த காலத்தில் எண்ணூர் ரோட்டுப் பக்கம் சில எண்ணெய்த் தொட்டிகளை மணலுக்குள் புதைத்துக் கட்டினார்கள், ஆகாயத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று. இருபது அடி ஆழம். மேலே ஒரு ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரே வாய், உள்ளே போக இரும்பு ஏணி. யுத்தம் முடிந்ததும் அவற்றைக் காலி செய்து அடியில் தங்கிய கசடை வாரிக்கொடுக்கிற வேலை ஒரு மேஸ்திரி மூலமாக எங்கள் ஆட்களுக்கு வந்தது. தொட்டிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொள்வது, வேலை முடிந்ததும் தலைக்கு ஒரு பங்கு. ஐந்து பேர் கொண்ட கூட்டம். எண்ணெய்க் கிடங்கின் கேட்டுக்குள்ளே பீடி, தீப்பெட்டி, லாந்தர், டார்ச் எதுவும் போகக்கூடாது, ஒரு பொறி போதும். அதனால் வெளிச்சத்துக்குக் கண்ணாடி. காதர் பாய் மூடிப்போன சலூன் ஒன்றிலிருந்து ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதை மணலில் சாய்த்து நிறுத்தி, சூரியன் நகர நகர விரற்கடை விரற்கடையாகத் திருப்புவார். அந்த வெயில் வாயருகே உட்கார்ந்திருக்கிற எத்திராஜின் சின்னக் கண்ணாடியில் விழும். எத்திராஜ் அதைச் சாய்த்துப் பிடித்துக் கிணற்றுக்குள் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வெளிச்சத்தை உள்ளே ஊற்றுவார். என் நைனாவும் மாமாவும் அந்த வெளிச்சத்தில் கசடை வாரி வாளியில் போடுவார்கள். ஏகாம்பரம் வாளியை இழுத்து, நாற்பது தப்படி தள்ளி நிற்கும் பீப்பாயில் கொட்டிவிட்டு வருவார்.

எத்திராஜைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு வாய் ஓயாது. கை கண்ணாடியைப் பிடித்திருக்கும், வாய் உள்ளே இருப்பவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். 'இன்னா மாமு, சத்தமே காணோம், உள்ள பாய் போட்டுகினியா?' என்பார். பதில் வரவில்லை என்றால் விடமாட்டார், மாமாவின் பெயரைச் சொல்லி, அவருக்கு இன்னும் பெண் கிடைக்காததைச் சொல்லி, பெண் வீட்டார் ஓடிப்போன கதையைச் சொல்லி, உள்ளேயிருந்து ஒரு வசவு வருகிற வரை நிறுத்தமாட்டார். வசவு கொஞ்சம் குழறி வந்தால், 'ஏறு ஏறு, மேல ஏறு' என்று இரண்டு பேரையும் ஏற்றிவிட்டுக் காற்று வாங்கச் சொல்வார். கசடைக் கிளறினால் ஆவி கிளம்பும், தலை சுற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எத்திராஜ் பேசுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று யாரும் நினைத்ததில்லை. எத்திராஜே நினைத்திருக்கமாட்டார். அவர் வேலை கண்ணாடி. பேச்சு அவருடைய கெட்ட பழக்கம்.

துறைமுகத்திலிருந்து கழித்துக் கட்டுகிற காகிதங்கள் ராயபுரத்துப் பழைய பேப்பர் கடைக்கு வரும். அங்கே எனக்கு மாலுமிகள் வைத்திருக்கிற ஒரு பஞ்சாங்கம் கிடைத்தது. அட்டை இல்லை, பாதிப் பக்கம் உப்புத் தண்ணீரில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. சூரியன் ஒவ்வொரு நாளும் எத்தனை டிகிரி வடக்கே, எத்தனை டிகிரி தெற்கே நேர் உச்சியில் நிற்கிறது என்று அதில் போட்டிருந்தது. மார்ச் இருபத்தொன்று வாக்கில் பூமத்திய ரேகைக்கு மேலே. அங்கிருந்து வடக்கே ஏறி ஜூனில் கடக ரேகை. அதற்கு மேல் ஒரு அடி போகாது, திரும்பித் தெற்கே மகர ரேகை வரை போய்விட்டு வரும். கடகத்துக்கும் மகரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊருக்கெல்லாம் வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அவற்றுக்கு வெளியே இருக்கிற ஊருக்கு ஒரு நாளும் இல்லை. சென்னை பதின்மூன்றாவது டிகிரி. பதின்மூன்று என்று இருக்கிற வரியை விரல் வைத்துத் தேடினேன். ஏப்ரல் இருபத்தைந்து. மத்தியானம் பன்னிரண்டு அடித்து ஆறேழு நிமிஷம். அதே வாரத்தில் நைனாவுக்கு ஒரு தொட்டியில் கடைசி வேலை பாக்கியிருந்தது. தொட்டியின் வாய்க்கு நேர் கீழே உள்ள குழியில் தங்கிய கொஞ்சம் கசடு, அரை மணி வேலை, அதற்குக் கூலி தனி. அன்றைக்குச் சூரியன் வாய் வழியாக நேரே அடி வரைக்கும் இறங்கும், கண்ணாடியே வேண்டாம் என்று நான் நைனாவிடம் சொன்னேன். தரையில் ஒரு சொம்பை வைத்து அகல்விளக்கைத் தூக்கிப் பிடித்துக் காட்டவும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் சொம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு உடனே பிடித்துவிட்டது. எத்திராஜ் வாய் இல்லாமல் ஒரு நாளாவது நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று சிரித்தார். நைனாதான் தயங்கினார். எதற்கும் அவங்களையும் கூப்பிட்டுக்கலாமே என்று இழுத்தார். அப்போது நான் சொன்ன வார்த்தையை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: 'வெளிச்சம் தானா வருது நைனா. அவங்களுக்கு அங்க இன்னா வேலை? பங்கு தண்டம்.' எனக்குப் பதினாறு வயது. கணக்கில் நான் வகுப்பில் முதலாவது.

ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் வாத்தியாரிடம் ஒன்றுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மைதானத்துக்கு ஓடினேன். கொடிக்கம்பத்தின் நிழல் ஒரு விரல் நீளம் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், அது கம்பத்துக்குள் போய்விட்டது. என் நிழலைத் தேடினேன். காலைச் சுற்றிச் சட்டையின் விளிம்பளவுக்கு ஒரு கறுப்பு, அவ்வளவுதான். காலைத் தூக்கினால் உள்ளங்காலுக்கு நேர் கீழே ஒரு பாதம் தெரிந்தது. தண்ணீர் குடிக்க வந்த என் சினேகிதன் ஒருத்தன், 'இன்னாடா, கால்ல முள்ளா?' என்று கேட்டான். அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லவில்லை. முதலில் நைனாவிடம் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அவர் அங்கே பார்த்திருப்பார், நான் இங்கே பார்த்தேன், ஒரே நிமிஷத்தில் என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் நின்ற இடம் அதுதான். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

மற்றது ஏகாம்பரம் சொன்னது. சங்கு ஊதினபோது தொட்டிக்குள் வெளிச்சம் பக்கச் சுவரில் இருந்ததாம். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, குழிக்கு நேரே வந்து தட்டு மாதிரி நின்றதாம். நைனா உள்ளேயிருந்து அண்ணாந்து பார்த்து, 'பாத்தியாடா ஏகாம்பரம், நம்ம பையன் சொன்ன டயத்துக்கு கரீட்டா சூரியன் எறங்கிகினான் பார்' என்றாராம். ஏகாம்பரம் இரண்டு வாளி இழுத்தார். மூன்றாவது வாளியை இழுத்து எடுத்துக்கொண்டு பீப்பாய்க்குப் போனார். நாற்பது தப்படி போக, கொட்ட, வாளியை மணலில் தேய்த்துக்கொண்டு திரும்பி வர. வந்து எட்டிப் பார்த்தபோது வெளிச்சம் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதில் படுத்திருந்தார்கள். மாமாவின் கை நைனாவின் தோளுக்கு அடியில் போயிருந்தது, தூக்கப் பார்த்த மாதிரி. ஏகாம்பரம் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் இதைச் சொல்ல ஆள் இல்லை. கேட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்து கயிறு போட்டு எடுப்பதற்குள் சூரியன் நகர்ந்து உள்ளே இருட்டாகிவிட்டது.

சாவு வீட்டுக்கு எத்திராஜ் வந்தார். என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் பந்தல் கால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு ஒன்றுமே பேசவில்லை. எத்திராஜ் பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கிளம்பும்போது மட்டும் யாரையும் பார்க்காமல், 'எனிக்கி சொல்லி அனுப்பல' என்றார். அம்மா அழுகையின் நடுவே வந்தவர்களிடமெல்லாம், புள்ளை சொன்ன நேரத்துக்குத்தான் சூரியன் வந்திச்சாம், அவங்க நைனா அதைப் பார்த்துட்டுத்தான் போச்சாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷனையும் கூடப்பிறந்தவனையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு அவள் அதில் ஒரு பெருமையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நாளைக் குறித்தவன் நான் என்பது அவளுக்குத் தெரியும். கண்ணாடிக்காரர்களை வேண்டாம் என்று சொன்னவன் நான்தான் என்பது தெரியாது. நான் சொல்லவில்லை. துறைமுகப் பட்டறையில் அப்ரண்டிசாகச் சேர்ந்தபோதும் சொல்லவில்லை, ராத்திரிப் பள்ளியில் வரைபடம் படித்துக் கப்பலேறியபோதும் சொல்லவில்லை. துறைமுகத்து வாசலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் உன் படிப்பு கண்ணு என்றாள். தலையை ஆட்டினேன்.

கப்பலேறி வந்தவர்களுக்கு ஒரு விஷயம் புரியும். வெகுதூரம் வந்துவிட்டால் பழையது எல்லாம் மறந்துபோகும் என்று நினைத்துத்தான் வருகிறோம். மறப்பதில்லை, மரத்துப்போகிறது. எனக்கு ஒன்பது வருஷமாக அழுகை வரவில்லை, கோபமும் பெரிதாக வருவதில்லை. இங்கே குளிரில் விரல் நுனி மரத்துப்போய், எதைத் தொட்டாலும் வேறு யாரோ தொட்ட மாதிரி இருக்குமே, அப்படி. மர்டோவைப் பார்த்த பிறகு இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் பட்டறையில் சுற்று வழியாகப் போய் அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் உள்ளே குனிந்து ஏதோ சொல்வார், உள்ளேயிருந்து ஒரு வசவு வரும். அவர்கள் தங்களுக்குள் பேசுகிற கொச்சை புரியாவிட்டாலும் வசவு என்று தெரிந்தது. மார்ச் கடைசியில் உட்கார்ந்து அம்மாவுக்கு எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் சந்தில் இப்போது கடிதம் படிக்கிறவள் எத்திராஜின் மகள் சரோஜா, எட்டாவது படிக்கிறாள். அம்மாவுக்கு எழுதினால் எத்திராஜுக்கும் எழுதின மாதிரி. அது தெரிந்துதான் எழுதினேன். வேண்டாம் என்று சொன்னது நான், பங்கு தண்டம் என்று சொன்னது நான், நைனா கூப்பிடலாம் என்றுதான் சொன்னார் என்று நாலு வரி. சுகம் விசாரித்து ஒரு வரி.

பதில் ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி காலையில் வந்தது. அந்தத் தேதியை நான் தேர்ந்தெடுக்கவில்லை, தபால்காரன் தேர்ந்தெடுத்தான். வேலைக்குக் கிளம்புகிற நேரம். நீலக் காகிதத்தை டிராம் நிறுத்தத்தில் நின்றுதான் பிரித்தேன். மணி ஏழேமுக்காலுக்குக் கொஞ்சம் முன்பு. இங்கே அந்த நேரம் ஊரில் பன்னிரண்டு தாண்டி ஆறேழு நிமிஷம், பழக்கத்தில் எனக்கு அது தானாகக் கணக்கு வந்துவிடும். இங்கே சூரியன் அப்போதுதான் கிழக்கே ஒரு புகைக்கூண்டின் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. என் நிழல் மேற்கே ரோட்டைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, ஒரு ரொட்டிக் கடைக் கதவில் போய் நின்றது. அதே சூரியன்தான், அதே நிமிஷம்தான். அங்கே சுவரோரம் சாப்பாட்டுக்கு உட்காருகிறவர்கள் எந்தப் பக்கமும் நிழலில்லாமல் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருப்பார்கள். நான் இங்கே கால் ஊன்றி நிற்கிறேன், என்னுடையது என்று கீழே விழுந்து கிடப்பதில் ஜனங்கள் ஏறி நடந்து போகிறார்கள்.

சரோஜாவின் எழுத்து முத்து முத்தாக இருந்தது. அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள். லண்டனில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டிருந்தாள். எனக்கு வேறு ஊர் என்று எத்தனை முறை எழுதினாலும் அவளுக்கு லண்டன்தான். நடுவில் சரோஜா தன் சொந்த வாக்கியம் ஒன்றைச் சேர்த்திருந்தாள்: எங்கள் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். அதற்குக் கீழே அம்மா:

'நீ எழுதினது எனிக்கித் தெரியும் கண்ணு. அன்னிக்கிக் காலைலயே உங்க நைனா சொல்லிகினுதான் போச்சி. மொத்தம் பதினஞ்சு ரூபா, அஞ்சு பேருன்னா ஆளுக்கு மூணு, மூணு பேருன்னா ஆளுக்கு அஞ்சு, பையன் கணக்குப் போட்டுக் குடுத்துட்டான்னு சொல்லிச்சி. இன்னா பண்ணட்டும், அவங்களைக் கூப்பிடட்டுமா வேணாமான்னு வாசல்ல நின்னுகினு என்னைத்தான் கேட்டுச்சி. நான் அடுப்பு ஊதிகினு இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. வேணாம்னு நான்தான் சொன்னேன். ரெண்டு ரூபா கூட வருதேன்னு.'